என் பெயரும் அந்த நோட்டில்: தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினோரு வருடமாக எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஊர். பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மீதிப் பேரில் டீச்சர், நர்ஸ், அங்கன்வாடிப் பணியாளர், வீட்டோடு இருப்பவர்கள் என்று எல்லாரும் உண்டு. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். கூட்டத்தில் கேட்க வெட்கப்பட்டதை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை எல்லாரையும் ஜெபக் குறிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். 23 நோட்டு வந்தது. கணவர், பிள்ளைகள், மாமியாரின் மூட்டுவலி, ஐயர் (எங்கள் பக்கம் பாஸ்டரை அப்படித்தான் சொல்வோம்), மிஷனெரிகள், கடன், மழை எல்லாம் இருந்தன. ஒரு நோட்டில்கூட அதை எழுதினவளின் பெயர் இல்லை. என் நோட்டிலும் இல்லை. கீழே உள்ள பதில்களை அந்த மத்தியானத்தை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வேத வசனங்களை நாங்கள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

1. "ஆவிக்குரிய பழக்கம், ஆவிக்குரிய பழக்கம்னு சொல்றீங்களே டீச்சர், ஜெபமும் வேதமும்தானே? வேற என்ன இருக்கு?"

அவை இரண்டும்தான் அஸ்திவாரம். அதன்மேல் குடும்ப ஜெபம், ஞாயிறு ஆராதனை, காணிக்கை, உபவாசம், வசனம் மனப்பாடம் என்று வழக்கமாகச் சொல்வோம். நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன்: ஓய்வு எடுப்பது, வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பது. இந்த இரண்டையும் யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஜனவரி 1-ஆம் தேதி தொடங்குகிறவர்கள் உண்டு. அவர்களில் பொங்கலைத் தாண்டினவர்களை நான் பார்த்ததில்லை. ஒன்றைத் தொடங்குங்கள். அது கைக்குப் பழகினபின் அடுத்தது.

2. "நாலு மணிக்கு எந்திச்சாத்தான் ஜெபம்னு எங்க அம்மா சொல்லுவாங்க. என்னால முடியல. தப்பா?"

தப்பில்லை. இதற்கு எல்லாரும் காட்டுகிற வசனம் மாற்கு 1:35: இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார். ஆனால் அதே இயேசு சாயங்காலத்தில் மலைமேல் தனித்திருந்து ஜெபித்தார் என்று மத்தேயு 14:23 சொல்கிறது. இரா முழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12 சொல்கிறது. சங்கீதக்காரன் அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்றையும் சொல்கிறான். நாலு மணி என்று வேதத்தில் எங்கும் கட்டளை கிடையாது. நம் அம்மாக்களுக்கு அந்த நேரம் ஒத்துவந்தது. இரவு எட்டரைக்கெல்லாம் ஊர் அடங்கிவிட்ட காலம் அது.

உங்கள் வீடு எப்போது காலியாகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கூல் வேன் போனபிறகு, துணி ஊறப்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்காருகிற பதினைந்து நிமிடம்தான் அது. அந்த நேரத்தில்தான் கை தானாகப் போனைத் தேடும். நைட் டியூட்டி பார்க்கிற ஒரு நர்ஸ் காலை ஒன்பதரைக்கு, குளித்துவிட்டுத் தூங்கப் போகுமுன் ஜெபிக்கிறாள். எங்கள் கோவிலில் ஐந்து மணிக்கு மணி அடிக்கும்போது அவள் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்.

3. "ஒரு வருஷத்துல பைபிளை முடிக்கணும்னு ஆரம்பிச்சா லேவியராகமத்துல வண்டி நின்னுடுது. வருஷா வருஷம் இதே கதைதான்."

லேவியராகமம் பைபிளின் மூன்றாம் புத்தகம்தான், பலி, தீட்டு என்று சட்டங்களாகவே வரும். கணக்கைப் பார்ப்போம். நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் விட்டுப்போனால் பன்னிரண்டு அதிகாரமாவது பாக்கி விழும். வட்டிக் கடன் மாதிரி அது ஏறிக்கொண்டே போகும். மார்ச்சில் திட்டத்தை மூடி வைத்துவிடுவோம்.

நான் சொல்கிற வழி இது: புதிய ஏற்பாட்டை மட்டும் எடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் அதிகாரம். வாரத்துக்கு ஐந்து, 52 வாரத்தில் சரியாக 260. சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்கலாம். அதுவும் கனமாகத் தெரிந்தால் மாற்கு 16 அதிகாரம் மட்டும், ஒரு மாதம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிப்பவர்களும் உண்டு. இன்று 14-ஆம் தேதி என்றால் 14-ஆம் அதிகாரம். விட்டுப்போனது விட்டுப்போனதுதான், அடுத்த மாதம் திரும்ப வரும். பாக்கி சேராத இந்த ஏற்பாடு தாய்மாருக்கு நல்லது.

4. "கைக்குழந்த இருக்கு. ராத்திரி மூணு தடவ எந்திக்கேன். வேதத்தைத் திறந்தா அஞ்சாவது வசனத்துல தூங்கிடுறேன்."

தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தான். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். ஆண்டவர் பேசினது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

ஏசாயா 40:11-ஐ ஒரு துண்டுத்தாளில் எழுதித் தொட்டில் பக்கம் ஒட்டுங்கள். மேய்ப்பர் ஆட்டுக்குட்டிகளைத் தமது மடியிலே சுமந்து, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்." கறவலாடு என்றால் பால் கொடுக்கிற ஆடு. மந்தையில் எல்லா ஆடும் ஒரே வேகத்தில் போகவேண்டும் என்று மேய்ப்பர் எதிர்பார்க்கவில்லை. பால் கொடுக்கும் மாதங்களில் அந்த ஒரு வசனம் போதும்.

ராத்திரி பால் கொடுக்கும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு வரி, அப்புறம் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வரி. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள்.

5. "பீடி சுத்திக்கிட்டே ஜெபம் பண்ணுனா அது ஜெபத்துல சேருமாக்கா? கண்ணை மூட முடியாதே."

இதைக் கேட்டவளிடமிருந்து நான்தான் கற்றுக்கொண்டேன். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒரு கட்டு சுற்றி நூல் கட்டும்போது ஒரு பெயருக்காக ஜெபிப்பாளாம். நாளைக்கு ஆயிரம் சுற்றினால் நாற்பது கட்டு, நாற்பது பெயர். பெயர் தீர்ந்துபோய் தெருவில் போகிறவர்களுக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். எங்கள் சபையில் நாற்பது பேருக்காக நாள்தோறும் ஜெபிக்கிற ஆள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நெகேமியா 2-ஐப் பாருங்கள். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறான். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறான். ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில். கண்ணை மூடியிருக்க வழியில்லை. அதே நேரம் இதுவே போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. வேலையில்லாமல் உட்கார்ந்து ஜெபிக்கிற பத்து நிமிடம் தனி. அதில்தான் நமக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

6. "போன்ல பைபிள் படிச்சா புஸ்தகத்துல படிச்ச மாதிரி ஆகுமா?"

ஆகும். கண் மங்கினவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், எழுத வாசிக்க வராதவர்கள் ஆடியோவில் கேட்கலாம். ஒரே கஷ்டம், மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் சத்தம் வரும். வாசிக்கும்வரை நெட்டை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: அம்மா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும், பைபிள் வாசிக்கிறாள் என்று தெரியாது. அதனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் புத்தகமே மேல் என்பது என் கட்சி.

7. "அந்த மூணு நாள்ல பைபிளத் தொடலாமா? நற்கருணைக்குப் போகலாமா? யார்கிட்ட கேக்கன்னு தெரியல."

தொடலாம், போகலாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதலிடம். படித்த பெண்களும் கேட்கிறார்கள். லேவியராகமம் 15-இல் தீட்டைப் பற்றிய பிரமாணம் இருப்பது உண்மை. மாற்கு 5-இல் நடந்தது என்ன? பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) ஸ்திரீ கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அந்தப் பிரமாணப்படி அவள் தொட்டது தீட்டாக வேண்டும். இயேசு விலகவும் இல்லை, திட்டவும் இல்லை. "மகளே" என்று கூப்பிட்டார். அத்தனை பேருக்கும் முன்னால்.

நற்கருணை ஆராதனை (அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஆராதனை) அந்த நாளில் வந்தால் தயங்காமல் முழங்கால்படியிடுங்கள். வயிற்றுவலியாக இருந்தால் வீட்டில் படுத்திருங்கள், அதுவும் சரிதான். ஆனால் வீட்டில் இருப்பதற்குக் காரணம் வலியாக இருக்கட்டும். வயதுக்கு வந்த மகள் இருக்கிற தாய்மார் இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு மாதிரி சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

8. "குடும்ப ஜெபம்னா எங்க வீட்ல சண்டைதான். சின்னவன் உருளுறான், பெரியவ முகத்தைத் தூக்கி வச்சுக்கிறா, அவரு செய்தி பாக்காரு."

நீளத்தைக் குறையுங்கள். ஒரு பாட்டு (கீர்த்தனை என்றால் பல்லவியும் ஒரு சரணமும் போதும்), ஐந்தாறு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம். பத்து நிமிடத்தில் முடியும். பிரசங்கம் வேண்டாம். பகலில் பிள்ளை செய்த குற்றத்தை ஜெபத்துக்குள் நுழைத்து, "ஆண்டவரே, இவன் பொய் சொல்லாதபடி..." என்று சொல்லிக்காட்டுவது ரொம்பத் தப்பு. அவனுக்கு ஆண்டவரிடமும் ஒரு புகார்ப் பெட்டி இருப்பதாகத் தோன்றிவிடும். இதை நான் என் மகனுக்குச் செய்திருக்கிறேன்.

உபாகமம் 6:7, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுக்கிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பேசு என்கிறது. அதாவது ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் என்று இல்லை. முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற பெரியவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது பேசுவாள்.

பிள்ளைகள் பலர் இருந்தால் ஒரு பழைய உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி என்ற தாய்க்கு 19 பிள்ளைகள் பிறந்து, ஒன்பது பேர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். மீதிப் பேரோடு ராத்திரி தனித்தனியாகப் பேச நாள் ஒதுக்கியிருந்ததாக 1712-இல் கணவருக்கு எழுதின கடிதத்தில் சொல்கிறாள். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. மெதடிஸ்டு சபை பிறக்கக் காரணமாயிருந்த சகோதரர்கள் இவர்கள்தான். நமக்கு இரண்டோ மூன்றோ பிள்ளைகள். வாரத்தில் ஆளுக்கு ஒரு ராத்திரி ஒதுக்கமுடியாதா?

9. "ஜெபம் பண்ணிட்டு எந்திச்ச அஞ்சாவது நிமிஷம் பிள்ளய அடிச்சிட்டேன். அப்புறம் என்ன ஜெபம் பண்ணி என்ன?"

பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். "நீ அப்படிச் செஞ்சதாலதான் அம்மா அடிச்சேன்" என்று வாலைச் சேர்க்காமல், "அம்மா அடிச்சது தப்பு" என்று மட்டும். முதல் கேள்வியில் நான் சேர்த்த இரண்டில் ஒன்று இதுதான்.

அப்புறம், எந்த நேரத்தில் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். காலை ஏழே முக்காலா? அப்படியானால் அதில் பாதி ஆவிக்குரிய பிரச்சினை, மீதிப் பாதி சீருடையை ராத்திரியே எடுத்துவைக்காத பிரச்சினை. எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது. அது தகப்பன்மாருக்கு எழுதப்பட்டது என்று ஒருத்தி என்னிடம் வாதாடினாள். நல்ல வாதம்தான், ஆனாலும் தப்பிக்க முடியாது.

10. "வாக்குத்தத்த அட்டையில வந்த வசனம் வருஷம் முடியப்போகுது, இன்னும் நிறைவேறலயே?"

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டையை ஆளுக்கு ஒன்று எடுப்பது நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டு மாதிரி அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நிறையப் பேருக்கு வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." அதற்கு முந்தின வசனம் அட்டையில் இருக்காது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் என்று அதில் இருக்கிறது. அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று ஐந்தாம் ஆறாம் வசனங்கள் சொல்கின்றன. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு வந்த கடிதம் அது.

அட்டையில் எந்த வசனம் வந்தாலும் அந்த அதிகாரம் முழுவதையும் மாதம் ஒரு முறை வாசியுங்கள். பன்னிரண்டு முறை வாசித்தபின் அந்த வசனம் வேறு மாதிரிப் பேசும்.

11. "எனக்கு பி.எட். படிக்கணும்னு ஆசை. பிள்ளைகளை வச்சுக்கிட்டு எனக்குன்னு ஆசைப்படுறது சுயநலம்னு மாமியார் சொல்றாங்க."

நீதிமொழிகள் 31-ஐ அன்னையர் தினத்தில் வாசிப்பார்கள். குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருந்து வீட்டாருக்கு ஆகாரங்கொடுக்கிறாள் என்ற 15-ஆம் வசனத்தை அழுத்தி வாசிப்பார்கள். அதே வசனத்தில் "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்" என்று இருப்பதை யாரும் அழுத்துவதில்லை. அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இருந்தது. அடுத்த வசனம் இன்னும் முக்கியம்: ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் கைகளின் சம்பாத்தியத்தால் திராட்சத்தோட்டத்தை நாட்டுகிறாள். விசாரித்தது அவள், வாங்கினது அவள், முதல் போட்டது அவள். இந்த அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு தாய்தான் என்று முதல் வசனமே சொல்கிறது. லேமுவேல் ராஜாவின் தாய்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னப்பிள்ளையை யார் பார்ப்பது என்ற பயம்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் பாதிச் சண்டை தீரும். படிக்கிற ஆசையை ஜெப நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள்.

12. "சரி டீச்சர், அப்ப குறிக்கோள்னா எப்படித்தான் எழுதணும்? நான் எழுதுனா எல்லாம் பிள்ளைகளப் பத்தியே வருது."

வரத்தான் செய்யும். "மகன் நீட் பாஸ் பண்ணணும்", "மகளுக்கு நல்ல இடத்துல அமையணும்" இவை ஜெபக் குறிப்புகள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செய்கிறவள் நீங்கள் அல்ல. மகன் ஃபெயிலானால் உங்கள் குறிக்கோளும் ஃபெயிலாகிவிடுமா?

"நான்" என்று ஆரம்பித்து, என் கையால் செய்யமுடிகிற ஒன்றை எழுதவேண்டும். எங்கள் சங்கத்தில் எழுதினவற்றில் சில: நான் சங்கீதம் 121-ஐப் பார்க்காமல் சொல்வேன். நான் ஸ்கூட்டி ஓட்டப் படிப்பேன். நான் நாத்தனாரிடம் பேச ஆரம்பிப்பேன் (இவளுக்கு ஒன்பது மாதம் ஆனது). நான் சர்க்கரை டெஸ்ட் எடுப்பேன். நான் மாதம் 200 ரூபாய் என் பெயரில் போஸ்ட் ஆபீசில் போடுவேன். இதில் எது ஆவிக்குரியது, எது உலகத்துக்குரியது என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஸ்கூட்டி படித்தவள்தான் இப்போது நடக்கமுடியாத இரண்டு பாட்டிகளைக் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு வருகிறாள்.

13. "வெள்ளிக்கிழம உபவாசம் இருக்கணும்னு ஆசை. ஆனா சுகர் மாத்திரை போடுறேன்."

சாப்பாட்டை விடாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் யாருக்கும் பட்டினி வேண்டாம். டாக்டரிடம் கேட்காமல் இருந்து, ஜெபக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தவளை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். வேறொன்றை விடலாம்: ராத்திரி ஏழு முதல் ஒன்பது வரை சீரியல், அல்லது மத்தியானப் போன் பேச்சு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் நாற்பது நாள் கணக்கிலேயே ஞாயிற்றுக்கிழமைகள் சேராது, அன்றைக்கு உபவாசம் இல்லை. ஏசாயா 58 சொல்கிற உபவாசம் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. சுகர் உள்ளவர்கள் அதைத் தாராளமாகச் செய்யலாம்.

14. "எனக்குச் சம்பாத்தியம் இல்ல. அவரு குடுக்கிற காசைக் காணிக்க போட்டா அது அவரு காணிக்கதானே?"

எங்கள் பாட்டி சோறு வடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். மிசோரத்தில் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்து வருகிறார்கள். அந்தக் கைப்பிடி அரிசி விற்ற பணத்தில் ஊழியர்களைத் தாங்குகிறார்கள். அரிசி யார் வாங்கினது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எடுத்துவைத்த கை அவளுடையது.

15. "அவரு கோவிலுக்கு வரமாட்டாரு, இந்துக் குடும்பம். பைபிளை எடுத்தாலே வீட்ல பேச்சு வருது."

பேச்சு வருகிற நேரத்தில் எடுக்காதீர்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன காலி நேரம் உங்களுக்குத்தான் அதிகம் தேவை. 1 பேதுரு 3:1 மனைவியின் நடக்கையினாலே, "போதனையின்றி" என்று சொல்கிறது. அவர் சட்டைப்பையில் கைப்பிரதி வைப்பது, மாமனார் காதில் விழும்படி சத்தமாக ஜெபிப்பது எல்லாம் போதனையில் சேரும். பிள்ளைகளைச் சண்டே ஸ்கூலுக்கு அனுப்புவதைப் பற்றி ஒளிக்காமல் அவரிடம் பேசி முடிவெடுங்கள். ஒளித்துச் செய்தால் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவேண்டி வரும்.

அடி, உதை இருந்தால் அதை ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்திருக்கக் கூடாது. பெண்கள் உதவி எண் 181. "பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணு" என்று சொல்கிற அக்காமார் எங்கள் சங்கத்திலும் இருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

16. "அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஜெபம் பண்ண வாயே வரல. எல்லாரும் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்'னு சொல்றாங்க."

அந்த வார்த்தையை, பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபு தானாகச் சொன்னான். அவனைப் பார்க்க வந்தவர்கள் அவனிடம் சொன்னதல்ல. அவர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான்.

ஜெபிக்க வராவிட்டால் சங்கீதம் 88-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். ஆனாலும் வேதத்துக்குள் இருக்கிறது. ரோமர் 8:26 சொல்கிறபடி வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்யட்டும். நீங்கள் சும்மா இருங்கள். உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாகலாம் என்ற நினைப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். பிள்ளை பெற்றபின் வருகிற மனச்சோர்வுக்கும் இதுவே. அது நோய். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

17. "வயித்துல இருக்கும்போதே பையனை ஊழியத்துக்குன்னு பொருத்தன பண்ணிட்டேன். இப்ப அவன் மாட்டேங்கிறான், டிப்ளமோ படிக்கப் போறேங்கிறான். எனக்கு சாபம் வருமோன்னு பயமாருக்கு."

அன்னாள் மகன் சாமுவேலை ஆண்டவருக்கென்று பொருத்தனை பண்ணினாள் (நேர்ந்துகொண்டாள்), பால் மறக்கப்பண்ணினபின் சீலோவிலிருந்த ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போனாள். அவள் செய்தது அவ்வளவுதான். மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூப்பிட்டபோது கூப்பிட்டது "சாமுவேலே" என்று. மூன்று தடவை அவனுக்கு யார் குரல் என்றே தெரியவில்லை, நாலாம் தடவை "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்றது அவன் வாய். அன்னாள் அங்கே இல்லை. தாய் வாசல்வரை கொண்டுவிடலாம், அழைப்புக்குப் பதிலை அவனுக்காக இவள் சொல்லமுடியாது.

பிரசங்கி 5:5 நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது. அதனால் இளம் தாய்மாருக்கு நான் சொல்வது: உங்கள் கையில் இருப்பதை நேருங்கள், பிள்ளையின் ஆயுசை நேராதீர்கள். நேர்ந்துவிட்டவர்கள் ஐயரிடம் போய் இதைச் சொல்லி, அவரோடு ஜெபித்து அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள். மகனிடம் "உன்னால எனக்கு சாபம்" என்ற சொல் மட்டும் வேண்டாம். டிப்ளமோ படித்தவனை ஆண்டவர் கூப்பிடமாட்டார் என்று யார் சொன்னது?

18. "மகன் சென்னையில ஐ.டி.ல இருக்கான். கோவில் பக்கமே போறதில்ல. தெனமும் வசனம் அனுப்புறேன், ப்ளூ டிக் மட்டும் வருது."

அனுப்புவதை நிறுத்திப் பாருங்கள். "சாப்டியாப்பா" என்று அனுப்புங்கள், பதில் வரும்.

நாலாம் நூற்றாண்டில் மோனிக்கா என்ற தாய்க்கு இதே கதை. மகன் அகஸ்தீன் அவளை ஏமாற்றிவிட்டு ரோமுக்குக் கப்பல் ஏறினான். நண்பனை வழியனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு, அவள் ராத்திரி ஒரு சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டான். இதை அவனே பிற்காலத்தில் எழுதிவைத்தான். அதற்கு முன்பே அவள் ஒரு பிஷப்பிடம் போய், என் மகனிடம் பேசுங்கள் என்று அழுதிருக்கிறாள். அவர் மறுத்துவிட்டார்: அவனை இருக்கிறபடி விடு, அவனுக்காக ஜெபி மட்டும். 387-இல் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருடம் மோனிக்கா இறந்துபோனாள். எல்லாத் தாய்க்கும் இப்படி முடியும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். அந்த பிஷப் சொன்னது மட்டும் எல்லாருக்கும் பொருந்தும்.

மோனிக்கா மகனைத் தேடிக் கடல் தாண்டி மிலான்வரை போனாள். ஆனால் போன இடத்தில் அவளும் அம்புரோசு பிஷப்பின் பிரசங்கத்தை உட்கார்ந்து கேட்டாள், மகன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் கடைசியாக ஒரு பிரசங்கத்தை "இது அவனுக்கு" என்று நினைக்காமல் கேட்டது எப்போது?

19. "எல்லாருக்கும் சொல்றீங்களே டீச்சர், உங்க நோட்டுல உங்க பேரை எழுதிட்டீங்களா?"

எழுதினேன். அந்த 23 நோட்டு வந்த வாரமே. பெயரை எழுதிவிட்டு அதற்கு நேரே என்ன போடுவது என்று தெரியாமல் மூன்று நாள் வெற்றாக விட்டிருந்தேன். அப்புறம் மூன்று எழுதினேன்: முழங்கால், மருமகளிடம் வாயை அடக்குவது, கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி மருமகளிடம்தான் கேட்கவேண்டும். மூன்றாவதுக்கு, இந்தப் பத்தொன்பது கேள்வியையும் பதிலையும் நானே அடித்தேன், எட்டு வாரம் ஆனது. 'ஞ' எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.